வீட்டுக் கராஜில் கார் கட்டுவது: வேலை நின்றுபோகாமல் கொண்டுபோவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வீட்டுக் கராஜிலேயே கார் கட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கட்டுவது லோட்டஸ் செவன் மாதிரி: கூரை இல்லாமல், இரண்டு பேர் உட்காரும்படி, இரும்புக் குழாயில் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) அடித்த சின்ன கார். நானும் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பிக்க நினைப்பவர்களும், ஆரம்பித்துப் பாதியில் நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாதிக் கேள்விகள் காரைப் பற்றி, மீதி கராஜையும் அதிலுள்ள கருவிகளையும் பற்றி. இரண்டும் ஒரே வேலைதான். காற்றழுத்தும் கம்ப்ரசர் ஓடவில்லை, மேஜையில் இடமில்லை, கூரை ஒழுகுகிறது என்றுதான் முக்கால்வாசிக் கார்கள் நின்றுபோகின்றன.

ஏன் எல்லோரும் செவன் மாதிரியையே கட்டுகிறார்கள்?

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த கார் அது. அப்போது பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால், லோட்டஸ் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்துப் பூட்டியதாகவும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். 1973-ல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் இன்னும் செய்கிறார்கள்.

வீட்டில் கட்ட இது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் அதன் வடிவம். சேஸிஸ் பெரும்பாலும் ஒரு அங்குலச் சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். வெட்டி, அராவி, பற்றவைக்கத் தெரிந்தால் போதும். பக்கத் தகடுகள் தட்டையானவை, அல்லது ஒரே திசையில் வளைந்தவை. மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபர் கிளாஸ், அவற்றை வாங்கிக்கொள்ளலாம். மொத்த எடை 500 முதல் 600 கிலோ வரைதான் வரும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து வரும். அதை இங்கே தானக் கார் என்போம். முன்பு ஃபோர்டு எஸ்கார்ட், பிறகு சியரா. எஸ்கார்ட் இன்று சேகரிப்பாளர்கள் விலைக்குப் போய்விட்டதால், இப்போது மாஸ்தா எம்எக்ஸ்-5 தான் பலருக்கும் கைகொடுக்கிறது. உடம்பெல்லாம் துருப்பிடித்து, எஞ்சின் நன்றாக ஓடும் எம்எக்ஸ்-5 கிடைத்தால் விடாதீர்கள்.

முடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

எல்லாப் பாகமும் பெட்டியில் வரும் கிட் என்றால் நூறு மணி நேரத்தை ஒட்டி முடிப்பவர்கள் உண்டு. குழாயை வெட்டுவதிலிருந்து ஆரம்பித்தால் வருடக் கணக்கு. நடுவில் எத்தனை மாதம் கதவு திறக்காமல் கிடக்கிறது என்பதுதான் அந்த வருடங்களைத் தீர்மானிக்கிறது.

வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எப்படி விடாமல் செய்வது?

சனிக்கிழமை முழுநாள் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள், கிடைக்காது. வாரநாளில் அரை மணி நேரம் போனால் போதும். ஆனால் உள்ளே நுழைந்ததும் கை வைக்க ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும். அரை மணியில் பத்து நிமிடம் டிரில் பிட் தேடுவதிலும், பத்து நிமிடம் எங்கே விட்டோம் என்று யோசிப்பதிலும் போனால் மறுநாள் கால் கராஜ் பக்கமே போகாது.

அதனால் ஒவ்வொரு தடவையும் கடைசி ஐந்து நிமிடத்தை அடுத்த வேலைக்குக் கொடுங்கள். நாளைக்குச் சீட் பெல்ட் பிராக்கெட்டில் துளை போட வேண்டும் என்றால், இன்றைக்கே பிராக்கெட்டை வைஸில் இறுக்கி, சென்டர் பஞ்ச் அடித்து, சரியான பிட்டை டிரில்லில் மாட்டி, பக்கத்தில் அரத்தையும் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். நாளை விளக்கைப் போட்ட அடுத்த நிமிடமே துளை விழும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று கராஜிலேயே கிடக்கட்டும். அதில் “பின் சஸ்பென்ஷன்” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “இடது மேல் விஷ்போனில் புஷ் அழுத்து” என்று எழுதுங்கள் (விஷ்போன் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை, புஷ் அதன் முனையில் போகும் ரப்பர் உறை). ஒரு தடவையில் முடியாத எதுவும் அந்தப் பட்டியலில் வரக்கூடாது. பெரிதாக இருந்தால் உடையுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். வேலைகளை எந்த நேரத்துக்கு எது ஏற்றது என்று பிரித்து வையுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கிரைண்டர் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்த நேரத்துக்குப் பிசிறு எடுப்பது, அளவெடுப்பது, வயரிங், உதிரிபாகம் தேடுவது. பெயிண்ட், சீலன்ட், ரெசின் எல்லாவற்றுக்கும் வெதுவெதுப்பு வேண்டும், அவற்றைக் கோடைக்கு ஒதுக்குங்கள். எஞ்சின் இறக்க, நீளத் தகடு பிடிக்க இன்னொரு கை வேண்டும். தம்பியோ நண்பரோ வரும் நாளில் அவை மட்டும்தான் நடக்க வேண்டும். நவம்பரில் பெயிண்ட் அடிக்க முடியவில்லை என்று பலர் மார்ச் வரை கதவையே திறப்பதில்லை. அந்த நான்கு மாதத்தில் வயரிங் முழுவதையும் வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜை மேலேயே முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அனுமதி உண்டு, உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் கட்டுவது?

சேஸிஸ், சஸ்பென்ஷன், சக்கரம், பிறகு எஞ்சின், ஸ்டீயரிங், பிரேக், எரிபொருள், வயரிங். பெயிண்ட் அடிக்காத சேஸிஸில் இவை அனைத்தையும் ஒரு தடவை பூட்டிப் பார்த்து, எல்லாப் பிராக்கெட்டும் எல்லாத் துளையும் முடிந்த பிறகு முழுவதையும் கழற்றி, சேஸிஸைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். இரட்டை வேலை போலத் தெரியும். பளபளவென்று கோட்டிங் போட்டு வந்த சேஸிஸில் விட்டுப்போன ஒரு பிராக்கெட்டைப் பற்றவைக்க நேரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

சேஸிஸைப் பொறுத்தவரை பொறுமை முழுவதும் டேக் (குழாயைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) வைப்பதில் இருக்கிறது. தட்டையான, உறுதியான பலகை ஒன்றைக் கிடத்தி, அதன் மேல் சேஸிஸின் வரைபடத்தைக் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் மரக்கட்டைகளைத் திருகி, குழாய்களை நகராமல் அடக்குங்கள். ஒவ்வொரு மூட்டிலும் சின்ன டேக் மட்டும். கீழ்ச்சட்டம், மேல்சட்டம், நிற்கும் குழாய்கள், குறுக்குக் குழாய்கள் என எல்லாம் டேக்கில் நின்ற பிறகு மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் இப்போது ஒரு டேக்கை அறுத்தால் போதும். முழு வெல்டுக்குப் பிறகு என்றால் சட்டத்தையே அறுக்க வேண்டியிருக்கும்.

முழுதாகப் பற்றவைக்கும்போது ஒரு பக்கமே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்னால் இடதில் ஒரு மூட்டு, பின்னால் வலதில் ஒரு மூட்டு என்று மாறிமாறிப் போங்கள். வெல்டு குளிரும்போது இரும்பை இழுக்கும். ஒரே பக்கம் சூடேற்றினால் அந்தப் பக்கமே சுருங்கி, நேராக இருந்த குழாய் வில்லாகும்.

எனக்கு வெல்டிங் தெரியாது. கட்டலாமா?

கட்டலாம், கற்றுக்கொண்டு. பக்கத்துக் கல்லூரிகளில் மாலை வகுப்பு இருக்கும், அங்கே போய் மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மின் வெல்டிங்) பழகுங்கள். பிறகு சேஸிஸுக்கு வாங்கிய அதே குழாயின் துண்டுகளைப் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். மூட்டு பிரியாமல் குழாய் மடங்கினால் வெல்டு உள்ளே இறங்கியிருக்கிறது. நடுவில் அறுத்தும் பாருங்கள். மேலே அழகாக உட்கார்ந்து உள்ளே ஒட்டாத வெல்டு நிறைய உண்டு. சஸ்பென்ஷன் பிராக்கெட், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் அவற்றை மட்டும் டேக் வைத்துவிட்டு, தொழில்முறை வெல்டரை வரவழைத்து முடிக்கச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலில் தள்ளிவிடும், பூச்சை முழுதாக அராவி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்தது அதைவிட மோசம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், உயிருக்கே ஆபத்து. வெல்டிங்குக்கு முன் துடைக்க அசிட்டோன் வைத்துக்கொள்ளுங்கள், அது நன்றாக உலர்ந்த பிறகு பற்றவையுங்கள். பிரேக் கிளீனர் டப்பாவை வெல்டிங் மூலையிலேயே வைக்காதீர்கள்.

கருவி பழுதானால் காரை விட்டுவிட்டு அதைச் சரிசெய்யலாமா?

இந்தக் கேள்வியில்தான் பல திட்டங்கள் வழிதவறுகின்றன. டிரில் மெஷினின் பெல்ட்டை மாற்றப் போய், மேஜை ஆடுகிறது என்று மேஜையைக் கழற்றி, மேஜைக்கு மரம் வாங்கப் போய், கடைசியில் கராஜ் முழுவதும் புதிதாக ஷெல்ஃப் அடித்து முடிக்கும்போது குளிர்காலம் முடிந்திருக்கும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: இன்றைக்கு நோட்டில் எழுதிய வேலையைத் தடுக்கிற பழுது என்றால் இன்றைக்கே சரிசெய்வேன். ஆளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய பழுது என்றால் எந்த வேலையாக இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சரிசெய்வேன். வெறும் எரிச்சல் என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு மேலே போவேன். கடைசிப் பக்கம் நிரம்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கராஜுக்கே ஒதுக்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கம்ப்ரசர் நின்ற பிறகும் உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருக்கிறது. ஏன்?

மோட்டார் நின்றதும் ஓரிரு விநாடி உஸ்ஸென்று சத்தம் வருவது சரியானதே. பிரஷர் சுவிட்சில் உள்ள சின்ன வால்வு, பம்பின் தலையில் அடைபட்ட காற்றை வெளியே விடுகிறது. அடுத்த தடவை மோட்டார் சுமையில்லாமல் சுழல ஆரம்பிக்க அது தேவை. சத்தம் நிற்காமல் வந்தால் தொட்டியிலிருந்தே காற்று திரும்பி வருகிறது என்று அர்த்தம். சுவிட்சை மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் தொட்டியின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு.

பிளக்கைப் பிடுங்குங்கள். தொட்டியைக் காலி செய்து, மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை உறுதிசெய்யுங்கள். பம்பிலிருந்து வரும் பெரிய குழாய் தொட்டியில் சேரும் இடத்தில் அறுகோணமாக ஒரு பித்தளை உறுப்பு இருக்கும், அதுதான் அந்த வால்வு. கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சின்ன ரப்பர் வட்டும் இருக்கும். வட்டின் முகத்தில் கரித்தூளோ, துருவின் பொடியோ ஒட்டியிருக்கும். துடைத்து, முகம் வழவழப்பாக இருந்தால் திரும்பப் போடுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. நின்றதும் உஸ்ஸென்ற சத்தமே இல்லை, மறுபடி போடும்போது மோட்டார் ம்ம்ம் என்று முனகிவிட்டு ஃபியூஸ் போகிறது என்றால், தலையில் காற்று வெளியேறவில்லை. சுவிட்சில் உள்ள அந்தச் சின்ன வால்வைப் பாருங்கள். தொட்டி காலியாக இருக்கும்போதே முனகினால் மோட்டாரின் கெபாசிட்டர் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை முறையாக வெளியேற்றாமல் தொடாதீர்கள்.

தொட்டியின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் தண்ணீரை விடுங்கள். அந்தத் தண்ணீர்தான் தொட்டியை உள்ளிருந்து அரிக்கிறது. அரித்து ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் வைத்து அடைக்கவே கூடாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

டிராலி ஜாக்கி தூக்கிய பிறகு மெல்ல இறங்குகிறது. சரிசெய்யலாமா?

முதலில், தூக்கிய காரை ஜாக்கியின் மேல் விட்டுவிட்டு அடியில் போகிறவர் யாராக இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும். தூக்குவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு ஆக்ஸில் ஸ்டாண்ட். புது ஜாக்கிக்கும் இதே விதிதான்.

இறங்கும் ஜாக்கியில் பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கும் அல்லது காற்று புகுந்திருக்கும். முழுதாக இறக்கி வைத்து, ரப்பர் அடைப்பானை எடுத்து, ரிலீஸ் வால்வைத் திறந்தபடி கைப்பிடியைப் பலமுறை முழு வீச்சில் அடியுங்கள். பிறகு எண்ணெயை நிரப்புங்கள். ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டும்தான். அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். அப்படியும் இறங்கினால் சீல் செட் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஜாக்கியை மாற்ற வேண்டும்.

மிக் வெல்டரில் கம்பி உருளைக்குள்ளேயே சிக்கிக் கூடு கட்டிக்கொள்கிறது.

முனையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். காண்டாக்ட் டிப் (கம்பி வெளியே வரும் முனை) அடைபட்டிருக்கும் அல்லது கம்பிக்குப் பொருந்தாத அளவில் இருக்கும். டிப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியை ஓட்டுங்கள், சீராக வந்தால் டிப்தான் பிரச்சினை. வரவில்லை என்றால் லைனரில் (கம்பி ஓடும் உள்குழாயில்) அழுக்கு. ரோலரை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், கூடு இன்னும் பெரிதாகும். ஈரக் கராஜில் வருடக்கணக்கில் கிடந்து துருவேறிய கம்பி என்றால் தூக்கிப் போடுங்கள்.

கராஜ் முழுக்க ஈரம். ஒரே இரவில் எல்லாம் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

பிரிட்டிஷ் கராஜில் இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அரை மீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் ஈரம் கோத்திருந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. தாளின் மேல் துளிகள் என்றால் காற்றிலிருந்து வருகிறது.

காற்றிலிருந்து வருவதுதான் அதிகம். ஒரு வாரம் கடுங்குளிர் அடித்துவிட்டு, திடீரென்று இதமான ஈரக்காற்று வீசும் நாளில், “ஆகா, நல்ல வெயில்” என்று கதவைத் திறந்து வைப்போம். எஞ்சின் பிளாக்கும் சேஸிஸும் இன்னும் சில்லென்று இருக்கும். வெளிக்காற்று அதன் மேல் பட்டதும் முத்து முத்தாக வேர்க்கும். அன்றைக்குக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும்.

பாரஃபின் ஹீட்டர், கேஸ் ஹீட்டர் இரண்டும் வேண்டாம். ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சூடாக இருப்பதுபோல் தெரியும், ஹீட்டரை அணைத்ததும் அவ்வளவும் உங்கள் கருவிகளின் மேல் படியும். மூடிய கராஜில் கார்பன் மோனாக்ஸைடு ஆபத்து வேறு. மின்சார ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வையுங்கள். வீட்டுக்குள் வைக்கும் கம்ப்ரசர் வகைக் கருவி குளிரில் சரியாக வேலை செய்யாது, டெசிகன்ட் வகை (ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்வது) வாங்குங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டாமல் இதையெல்லாம் செய்தால் ஊர்க் காற்றையே உலர்த்த வேண்டியிருக்கும்.

வெல்டிங்குக்குக் காத்திருக்கும் வெறும் குழாய்களை எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து வையுங்கள்.

கூரை ஒழுகுகிறது. பழைய அஸ்பெஸ்டாஸ் கூரை என்கிறார்கள்.

1999-ல் பிரிட்டனில் அஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய கராஜ்களில் நெளிவு நெளிவாக இருக்கும் சிமென்ட் கூரை பெரும்பாலும் அதுவே. நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு. துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசியைப் போக்குகிறேன் என்று பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள், மேலே ஏறாதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள். ஒழுகும் இடத்துக்கு நேராக உள்ளே சின்னத் தகரத் தாழ்வாரம் கட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கலாம், கூரையைத் தொடவே வேண்டாம். உடைந்திருந்தால் அனுபவமுள்ளவர்களை வைத்து எடுங்கள். உள்ளூர் கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்டால் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வார்கள்.

மின்சார வேலையை நானே செய்யலாமா?

கராஜுக்குப் புதிய சர்க்யூட் இழுப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இங்கிலாந்தில் அதற்கு அறிவிப்பும் சான்றிதழும் வேண்டும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம் இருக்கட்டும். வெல்டருக்கு எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழற்றிய நட்டு போல்ட்டுகளை எப்படி வைப்பது?

ஜிப் பை, உள்ளே ஒரு சீட்டு, வெளியே மார்க்கர் எழுத்து. “முன் இடது காலிப்பர், மேல் போல்ட் 2, வாஷர் 2.” கழற்றுவதற்கு முன் போனில் மூன்று கோணத்தில் படம். வயரிங் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஒரு வருடம் கழித்து நினைவிருக்கும் என்று நம்பிக் கழற்றாதீர்கள்.

எல்லாப் பாகங்களையும் முதலிலேயே வாங்கிவிடலாமா?

வேண்டாம். இரண்டு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்து, அளவு பொருந்தவில்லை என்று தெரியும்போது கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். அடுத்த கட்டத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். தானக் காரில் உங்களுக்குத் தேவைப்படாத கதவு, சீட், விளக்கு, கூரையை உடனே விற்றுவிடுங்கள். இடமும் கிடைக்கும், பணமும் வரும். டயரைக் கடைசியாக வாங்குங்கள், நிற்கும்போதே வயதாகும் பொருள் அது.

ஐ.வி.ஏ. சோதனை என்றால் என்ன? அதற்கு எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

வீட்டில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட, அரசின் டி.வி.எஸ்.ஏ. அமைப்பு நடத்தும் தனி வாகன அங்கீகாரச் சோதனையில் தேற வேண்டும். 2009-ல் வந்தது, அதற்கு முன் எஸ்.வி.ஏ. என்ற சோதனை இருந்தது. தயாரிப்பு முதல் நாளிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். சோதனைக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் எந்தப் பகுதியைச் செய்கிறீர்களோ அந்த அத்தியாயத்தை அதற்கு முன் படித்துவிடுங்கள்.

அதிகம் பேர் தவறுவது எஞ்சினிலோ பிரேக்கிலோ கிடையாது, கூரான ஓரங்களில். காரின் வெளிப்புறத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள பந்து தொடக்கூடிய இடங்களில் ஓரங்களுக்குக் குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் இருக்க வேண்டும். பிராக்கெட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு எடுத்து விரலைக் கிழிக்காத ஓரமாகச் செய்தாலும் அது போதாது, உருண்டிருக்க வேண்டும். தகட்டுக்கு அந்த அளவு கனமே இல்லாத இடத்தில் ரப்பர் விளிம்பு மாட்டுவார்கள், போல்ட் தலைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி போடுவார்கள். பிராக்கெட் வெட்டும்போதே இதை நினைவில் வைத்தால் கடைசி மாதம் முழுவதும் அரத்தோடு உட்கார வேண்டியதில்லை.

ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்றும் பார்ப்பார்கள். எடை குறைந்த காரில் இது சோம்பலாக இருக்கும். காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை) கூட்ட வழி வைத்து விஷ்போன் செய்திருந்தால் அரை மணியில் சரிசெய்யலாம். சத்தம் 99 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிரேக் குழாயும் வயரும் தொங்காமல், உரசாமல் நெருக்கமாகக் கிளிப் அடித்திருக்க வேண்டும். முதல் தடவை சில குறைகளோடு திரும்பி வருவது சகஜம். பட்டியலை வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அடித்து, மறுசோதனைக்குப் போங்கள்.

கட்டும்போதே உங்கள் முகமும் காரும் சேர்ந்து தெரியும்படி படங்கள் எடுத்து வையுங்கள், ரசீது ஒன்றையும் எறியாதீர்கள். நீங்களே கட்டியது என்பதற்கு அவைதான் சாட்சி. சோதனை தேறிய பிறகு பதிவுக்கு வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதும்போது வி627/1 படிவத்தோடு அவையும் தேவைப்படும். பல கார்களிலிருந்து எடுத்த பழைய பாகங்களால் கட்டியது, வயதைச் சொல்ல முடியாது என்றால் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் எண் தருவார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு காரைக் கட்டி ஓட்ட முடியுமா?

பொதுச் சாலையில் ஓட்ட, நடைமுறையில் முடியாது. இந்தியாவில் புதிய வாகனத்தின் மாதிரியை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 126-ஆம் விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேறவைக்க வேண்டும். அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதிய விதி. இருக்கும் காரை மாற்றுவதற்கும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தனி ஆள் கட்டும் ஒற்றைக் காருக்குப் பிரிட்டனில் இருப்பது போன்ற வாசல் நம்மிடம் இல்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1952-லேயே 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார், தயாரிக்க அரசு அனுமதி தரவில்லை. அதே ஊரில்தான் பந்தய வீரர் கரிவரதன் பிற்காலத்தில் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்கள் கட்டினார். அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடத்தில் இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள். உங்கள் பிள்ளை கல்லூரியில் இருந்தால் அந்த அணியில் சேரச் சொல்லுங்கள். வெல்டிங், சஸ்பென்ஷன், காலக்கெடு மூன்றும் கைக்கு வரும்.

வீட்டில்தான் செய்ய வேண்டும் என்றால் பழைய காரை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவரலாம். என் பரிந்துரை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில் வண்டலூருக்கு அருகே தயாரான கார். சேஸிஸ் தனி, உடல் தனி. முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறக்கும், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். இதன் பிரிட்டிஷ் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் முன் சக்கர உறுப்புகளைத்தான் லோட்டஸ் தன் செவனில் மாட்டியது. ஆகவே ஹெரால்டைக் கழற்றிப் பூட்டுகிறவர், செவனின் ஒரு பகுதியைத் தொட்டுப் பார்த்தவராகிறார்.

பாதியில் நின்றுபோன ஒருவருடைய காரை வாங்கித் தொடரலாமா?

விலை மலிவாக இருக்கும், வாங்கலாம். ஆனால் பார்க்கப் போகும்போது அளவு டேப், டார்ச், காந்தம் மூன்றையும் கொண்டுபோங்கள். சேஸிஸை மூலைக்கு மூலை அளங்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டின் வெல்டை டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள், பெயிண்ட் கனமாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபைபர் கிளாஸைத் தவிர மற்ற இடத்தில் காந்தம் ஒட்டாமல் போனால் அது அலுமினியமா, புட்டியா என்று கேளுங்கள். தானக் காரின் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? ரசீதுகள் இருக்கின்றனவா? கட்டியபோது எடுத்த படங்களைத் தருவாரா? இவை இல்லாமல் வாங்கினால் பதிவின்போது திண்டாட்டம்.

கடைசியாக, எந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். “நேரமில்லை” என்றால் நல்லது. “ஸ்டீயரிங் தண்டு எக்ஸாஸ்டில் இடிக்கிறது” என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த இடி இனி உங்களுடையது.